நான் நுழையாத கொட்டகையில் இரண்டாவது ரவுட்டர்

நான் மூக்குப்பொடி போடுகிறவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் வருவது எதுவும் விளங்காது. என் மனைவி முப்பது வருடம் சொல்லிப் பார்த்துவிட்டு அலுத்துப்போய் விட்டுவிட்டாள். எந்த டாக்டர் சொல்லியும் நான் கேட்டதில்லை. ஒரே ஒரு அம்மா மட்டும் அந்தப் பொடிக்காக என்னைப் பத்தடி தள்ளி நிறுத்திவைத்தார். அவருடைய கதைதான் இது.

போன மாதம் எங்கள் பழைய டெலிபோன் ஆபீஸில் ஓய்வுபெற்றவர்களைக் கூப்பிட்டு டீயும் போண்டாவும் கொடுத்தார்கள். புதிதாக வந்திருக்கும் அதிகாரி திரையில் படம் போட்டுக் காட்டினார். இனிமேல் ரவுட்டர் கெட்டுப்போனால் யாரும் வீட்டுக்குப் போக வேண்டியதில்லையாம், சென்னையில் உட்கார்ந்தபடியே சரிசெய்துவிடலாமாம். பக்கத்தில் இருந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"என்னங்க பெருமாள், நம்ப மாட்டீங்களா?" என்று கேட்டார் அதிகாரி.

"நம்பறேங்க. நானே உள்ள காலு வெக்காம ஒண்ணு மாட்டியிருக்கறேன். சென்னையில இருந்து இல்ல, பத்தடி தூரத்துல இருந்து" என்றேன்.

எழுதிக் கொடுங்கள் என்றார். சரி, எழுதுகிறேன்.

கம்பம் நட குழி தோண்டுகிற தினக்கூலியாகத்தான் நான் டெலிபோன் ஆபீஸுக்கு வந்தேன். குழி தோண்டினேன், கம்பம் ஏறினேன், லைன்மேன் ஆனேன், கொஞ்சம் படித்துப் பரீட்சை எழுதி மெக்கானிக் ஆனேன். செம்புக் கம்பி போய்க் கண்ணாடி இழை வந்தபோது சேலத்தில் இரண்டு வாரம் பயிற்சி கொடுத்தார்கள். அங்கே மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது. பயிற்சியில் கற்றதென்று அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. நான் வேலை கற்றதெல்லாம் கரீம் சாரிடம்தான்.

கரீம் சார் எங்கள் எக்ஸ்சேஞ்ச் அதிகாரி. ஒல்லியான ஆள். காலையில் வந்ததும் டெஸ்ட் மேஜையில் உட்கார்ந்து காதில் போனை மாட்டிக்கொள்வார். நாங்கள் கம்பத்து மேலிருந்து, கம்பியில் கொக்கி மாட்டிப் பேசுகிற கைப்போனில் அவரைக் கூப்பிட வேண்டும். குழி தோண்டுகிறவனைக்கூட அவர் 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார். குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. ஆனால் அந்த மெதுவான குரலுக்கு நாங்கள் நடுங்குவோம், ஏனென்றால் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, சரியான பதில் வருகிறவரைக்கும் அவர் அடுத்த கேள்விக்குப் போகவே மாட்டார்.

அவரிடம் மூன்று பழக்கங்கள் இருந்தன. சொன்னதைத் திருப்பிச் சொல்ல வைப்பார். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தொட விடுவார். எந்தக் கம்பி எங்கே போகிறதென்று மருந்துக்கடைப் பிளாஸ்திரியில் எழுதி ஒட்ட வைப்பார், மற்ற காகிதமெல்லாம் எங்கள் ஊர் வெயிலுக்குச் சுருண்டு விழுந்துவிடும் என்பார்.

தொப்பூர் கணவாயில் லாரிக்காரர்கள் சாப்பிடுகிற ஒரு ஓட்டலின் போன் தினமும் காலையில் மட்டும் செத்துப்போகும். பத்து மணிக்குமேல் தானாகப் பிழைத்துக்கொள்ளும். மூன்று நாள் போய்ப் பார்த்துவிட்டு நாலாம் நாள் கம்பத்திலிருந்து கூப்பிட்டேன்.

"சார், கேபிள் போச்சுங்க. மாத்தித்தான் ஆவணும்."

"கேபிள் போச்சுங்கறது நீங்க நெனைக்கறது பெருமாள். நெனைக்கறது அப்பறம் சொல்லுங்க. இப்ப என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியலீங்க."

"கண்ணு தொறந்துதான இருக்குது? கம்பத்துல இருந்து கடை வரைக்கும் வரிசையா சொல்லுங்க."

எனக்குக் கோபம். கணவாய்க் காற்றில் கம்பம் வேறு ஆடுகிறது. எரிச்சலோடு ஒப்பித்தேன். "கம்பம். நம்ம வயரு. புளியமரம். வயரு. துண்டு, லுங்கி, மேசை தொடைக்கற துணி..."

"நில்லுங்க. துணி எதுமேல காயுது?"

எங்கள் வயர்மேல்தான். ஓட்டல்காரர் விடியற்காலையில் துவைத்து எங்கள் வயரில் காயப்போட்டிருக்கிறார். வயரின் உறை வெடித்திருந்த இடத்தில் ஈரத்துணி விழுந்து போன் செத்திருக்கிறது. துணி காய்ந்தால் போன் பிழைக்கும். மூன்று நாளாக அந்தத் துணியை விலக்கிவிட்டுத்தான் நான் கம்பத்துக்கு நடந்திருக்கிறேன்.

கரீம் சார் சிரிக்கவில்லை. "ஓட்டல்காரருக்கு ஒரு கொடிக்கயிறு கட்டிக் குடுத்துட்டு வாங்க" என்றார். அவ்வளவுதான். அவர் ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகியும், எதையாவது 'போச்சு' என்று சொல்ல வாயெடுத்தால் அந்தக் குரல் எனக்குக் கேட்கும்.

நான் ஓய்வு பெற மூன்று மாதம் இருந்தபோது மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். ராஜம்மா, அவர் கணவர் மாதையன், இரண்டு பேர்தான் வீட்டில். மல்பெரி போட்டுப் பட்டுப்புழு வளர்க்கிறவர்கள். வீட்டிலிருந்து அறுபது மீட்டர் தள்ளிப் புழுக்கொட்டகை. வீட்டில் எங்கள் இணைப்பும் ஒரு ரவுட்டரும் ஏற்கெனவே இருந்தன. கொட்டகைக்கு இன்னொன்று வேண்டும், அங்கே ஒரு கேமரா வைக்க வேண்டும், அதை பெங்களூரிலிருந்து பார்க்க வேண்டும் என்றார் ராஜம்மா.

"திருட்டு பயமாம்மா?" என்று கேட்டேன்.

"புழுவ யாருங்க திருடுவாங்க? எம்பொண்ணுக்குப் பிரசவம்" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. உட்காரவைத்து விளக்கினார். மகள் கவிதா பெங்களூரில் இருக்கிறாள். முதல் பிரசவத்தின்போது புழு கூடு கட்டுகிற நேரம் என்று ராஜம்மாவால் போக முடியவில்லை. கவிதா நாலு மாதம் அம்மாவோடு பேசவில்லை. அப்புறம் பேசினாலும், "புழு நல்லா இருக்குதா?" என்றுதான் முதலில் கேட்பாளாம். அதைச் சொல்லும்போது ராஜம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. இப்போது இரண்டாவது பிரசவம். டாக்டர் சொன்ன தேதி, புழு நாலாவது தடவை தோல் உரிக்கிற நாளோடு சரியாக வந்து மோதுகிறது.

"இந்தத் தடவயும் போவலன்னா எனக்குப் பொண்ணு இல்லீங்க சார்" என்றார்.

"அவரு இருக்காரே?" என்று மாதையனைக் காட்டினேன்.

"அவரு தழை போடுவாரு. நிறுத்தத்தான் தெரியாது. தோல் உரிக்கறப்ப தழை போடக் கூடாதுங்க, போட்டா சிலது முன்ன பின்ன ஆயி மொத்தமும் கெட்டுப்போவும். இவரு என்னடான்னா, பாவம் பசிக்குமேன்னு போட்டுருவாரு."

மாதையன் மறுக்கவில்லை. "பசிக்கற மாதிரிதான் தலையத் தூக்குதுங்க" என்றார். தோல் உரிக்கிற புழு தலையைத் தூக்கியபடி அசையாமல் இருக்குமாம்.

வேலை இதுதான் என்று எனக்கு விளங்கியது. ராஜம்மா பெங்களூரிலிருந்தபடி புழுவின் தலையைப் பார்க்க வேண்டும், பார்த்துக் கணவருக்குப் போனில் சொல்ல வேண்டும். மருமகன் தன் ஆபீஸில் கழித்துப்போட்ட கேமரா ஒன்றைக் கொடுத்திருந்தார். அதற்குத் தனி ஆப் கிடையாது. வெளியிலிருந்து நேராக வீட்டு நெட்வொர்க்குக்குள் நுழைந்துதான் பார்க்க வேண்டும்.

இரண்டு ரவுட்டர் போடும்போது என் வழக்கம், இரண்டாவதை முதலில் என் மேஜையில் வைத்துத் திருத்திவிட்டுக் கொண்டுபோவது. பெட்டியிலிருந்து வரும்போது இரண்டுக்கும் ஒரே முகவரி இருக்கும். ஒரே தெருவில் ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடு இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? அதனால் இரண்டாவதன் எண்ணை மாற்ற வேண்டும். மற்ற கருவிகளுக்கு எண் கொடுக்கிற அதிகாரத்தையும் அதனிடமிருந்து பிடுங்கிவிட வேண்டும், வீட்டில் ஒருவர்தான் எண் கொடுக்கலாம். இதையெல்லாம் முடித்து, ரவுட்டரைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த நாள் போனேன். அறுபது மீட்டர் கேபிளைக் குழாய்க்குள் விட்டு மண்ணுக்கடியில் கொட்டகைவரை கொண்டுபோனேன். ஆசுவாசமாக ஒரு சிட்டிகை போட்டேன். கொட்டகை வாசலில் ராஜம்மா கையை நீட்டித் தடுத்தார்.

"என்னங்க சார் அது, பொடியா?"

"ஆமாம்மா."

"அங்கயே நில்லுங்க. பொகையிலைன்னா புழு செத்துரும். பத்தடி தள்ளிப் போங்க."

கையைக் கழுவிக்கொள்கிறேன் என்றேன். மூக்கைக் கழுவ முடியுமா என்று கேட்டார். மாதையன் திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரித்தார். வேறு வழியில்லாமல் ரவுட்டரைத் துவைக்கிற கல்மேல் வைத்துவிட்டு, அதை எடுத்துப்போய் உள்ளே வைக்கும்படி சொன்னேன். ராஜம்மா எடுத்தார். கொட்டகை வாசலில் ஒரு பக்கெட்டில் பிளீச்சிங் பவுடர் தண்ணீர் இருக்கும், உள்ளே போகிற எதுவும் அதில் நனைந்துதான் போகும். நான் "அம்மா" என்பதற்குள் ரவுட்டர் முழுகிவிட்டது. கத்தரிக்காய் அலசுகிற மாதிரி இரண்டு அலசு அலசி எடுத்தார்.

நான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"ஒங்க கை பட்டதாச்சேங்க" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "காஞ்சா வெளக்கு எரியாதுங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

எரியவில்லை. கோபம் வந்ததா என்றால், வந்தது. ஆனால் பஸ்ஸில் திரும்பும்போது நினைத்துப் பார்த்துத் தனியாகச் சிரித்தேன், பக்கத்துச் சீட்டுக்காரர் எழுந்து வேறு இடம் போய்விட்டார். அந்த அம்மாவின் ஒழுங்கு அவருக்கு. பொடி பட்ட பொருளை உள்ளே கொண்டுபோனால்தான் அவர் தப்பு செய்தவர் ஆவார்.

அடுத்த நாள் சீல் பிரிக்காத ரவுட்டரோடு போனேன். அதை நான் தொடக் கூடாது, அவர் நனைக்கக் கூடாது என்று பேசி முடித்தோம். பெட்டியை வெளியிலேயே பிரித்து, ரவுட்டரை அரை மணி நேரம் வெயிலில் வைத்து எடுத்துக்கொள்வதாக ராஜம்மா இறங்கி வந்தார். நானும் இறங்கி வந்தேன். ஆனால் இப்போது ஒரு சிக்கல். என் மேஜையில் செய்த வேலை முழுவதையும் அவர் கொட்டகைக்குள் நின்றபடி தன் போனில் செய்ய வேண்டும். நான் பத்தடி தள்ளி, வேப்பமரத்தடியில். நடுவில் கொசுவலை அடித்த ஜன்னல்.

கரீம் சாரின் டெஸ்ட் மேஜையில் நான் உட்கார்ந்த மாதிரி ஆயிற்று.

"ரவுட்டருக்கு அடியில ஒட்டியிருக்கற பேரு, பாஸ்வேர்டு. படிச்சுக் காட்டுங்க."

படித்தார். போனை அந்த வைஃபையில் சேர்த்தார். முகவரி எண்களைச் சொன்னேன், திருப்பிச் சொல்லச் சொன்னேன். அவர்கள் வீட்டில் கன்னடம் பேசுவார்கள். ராஜம்மா என்னிடம் தமிழில் ஒப்பித்துவிட்டு, தனக்குள் 'ஒந்து, எரடு' என்று முணுமுணுத்துக்கொண்டே அழுத்தினார். ஒவ்வொரு எண்ணையும் இரண்டு பாஷையிலும் கேட்டுச் சரிபார்த்தேன். எண் கொடுக்கிற அதிகாரத்தை நிறுத்தச் சொன்னேன், நிறுத்தினார். கடைசி ஒன்றை இரண்டாக மாற்றச் சொன்னேன், மாற்றினார்.

"சேவ் அழுத்திட்டேன்... போச்சுங்க சார். எல்லாம் போச்சு."

"போச்சுங்கறது நீங்க நெனைக்கறது. என்ன தெரியுது?"

சொன்ன பிறகுதான் கவனித்தேன், குரல்கூடக் கரீம் சார் மாதிரி இருந்தது.

"ஒரு வட்டம் சுத்திக்கிட்டே இருக்குதுங்க."

எண் மாறிவிட்டால் பழைய பக்கம் அப்படித்தான் தொலையும். பயப்படாதீங்க என்றேன். "இப்ப கேபிளக் கொண்டாந்து ரவுட்டருல மாட்டுங்க" என்றேன். "மாட்டிட்டேங்க" என்றார். "சரியா மாட்டுனீங்களா?" "சரியாத்தாங்க."

கொட்டகை வைஃபையில் ஒன்றும் வரவில்லை. போனுக்கு எண்ணே கிடைக்கவில்லை. வீட்டு ரவுட்டரைப் போய்ப் பார்த்தேன், விளக்கு எரிகிறது. கேபிள் முனையை வெட்டிப் புதிதாகப் போட்டேன். ராஜம்மாவிடம் மறுமுனையையும் வெளியே நீட்டச் சொல்லி, அதையும் வெட்டிப் புதிதாகப் போட்டேன். அந்த முனையை மட்டும் அவர் பிளீச்சிங் துணியால் துடைத்ததை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். குழாய் வழியே இரண்டு தடவை நடந்தேன். மதியம் ஆகிவிட்டது. ராஜம்மா ஜன்னலுக்கு உள்ளேயே நின்றார். மூன்று நாளில் அவர் பஸ் ஏற வேண்டும்.

"ஆவாதுங்களா சார்?" என்று கேட்டார்.

எனக்குத் துக்கமாக இருந்தது. வேப்பமரத்தில் சாய்ந்து, பொடி டப்பாவை எடுத்துத் திறக்கப்போனேன். அப்போதுதான் உறைத்தது. 'சரியா மாட்டுனீங்களா' என்று கேட்டேனே, அது அவர் நினைக்கிறதைக் கேட்ட கேள்வி. தெரிகிறதைக் கேட்கவே இல்லை. முப்பது வருடத்துக்குப் பிறகும் தொப்பூர் ஈரத்துணியை விலக்கிவிட்டு நடந்திருக்கிறேன்.

"ராஜம்மா, ரவுட்டரத் திருப்பிப் புடிங்க. பின்னால ஓட்டை எத்தன? என்ன கலரு?"

"மஞ்ச நாலு. நீலம் ஒண்ணு, தனியா."

"கேபிள் எதுல இருக்குது?"

"நீலத்துலங்க."

"ஏம்மா நீலத்துல போட்டீங்க?"

"வூட்டுல இருந்து வர்றது பெரிய லைனாச்சேங்க. அதுக்குன்னு மரியாதையா தனியா வெச்சிருக்காங்கன்னு நெனச்சேன்."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அந்த அம்மா நினைத்தது தப்பே இல்லை. ரவுட்டர் செய்தவனும் அதற்காகத்தான் நீலத்தைத் தனியாக வைத்திருக்கிறான். ஆனால் நீலத்தில் மாட்டினால் கொட்டகை தனிக்குடித்தனம் போய்விடும், அதற்கென்று தனி வாசல், தனிப் பூட்டு. வீட்டு ரவுட்டர் கொடுக்கிற எண்ணும் உள்ளே வராது. வெளியிலிருந்து வருகிறவர் இரண்டு பூட்டைத் திறக்க வேண்டும். மஞ்சளில் மாட்டினால் கொட்டகை அதே வீட்டின் இன்னொரு அறை. நமக்கு வேண்டியது அறை.

"மஞ்சள்ல மாட்டுங்க. மாட்டிட்டு என்ன தெரியுதுன்னு சொல்லுங்க."

உள்ளே கேபிளை உருவி மாட்டுகிற சத்தம் கேட்டது. அப்புறம், "வந்துருச்சுங்க சார்" என்றார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று வலைக்குப் பின்னால் தெரியவில்லை.

மீதி வேலை வீட்டுக்குள் இருந்தது, அதற்கு எனக்கு அனுமதி உண்டு. ராஜம்மா கொட்டகைக்குள் மாட்டிய கேமராவுக்கு மாறாத எண் ஒன்று கொடுத்தேன். வீட்டு இணைப்புக்கும் மாறாத வெளிமுகவரி ஒன்றை ஆபீஸில் எழுதி வாங்கியிருந்தேன். வெளியிலிருந்து யாராவது வந்தால் கொட்டகைக் கேமராவுக்கு வழிகாட்டும்படி முதல் ரவுட்டரில் எழுதினேன், கேமராவின் பழைய பாஸ்வேர்டைத் தூக்கிவிட்டுப் புதிது போட்டேன். கொட்டகைச் சுவரில் இருந்த சூடு பார்க்கிற கருவியைக் கேமராவுக்கு எதிரே மாட்டச் சொன்னேன், சூடும் தெரிந்துவிடும். மாதையனுக்கு வீட்டைப் பூட்டும்போதெல்லாம் மெயினை அணைக்கிற பழக்கம். மெயின்மேல் பிளாஸ்திரி ஒட்டி 'தொடாதே' என்று எழுதினேன்.

அப்புறம் போனில் வைஃபையை அணைத்துவிட்டு மாரண்டஹள்ளி பஸ் ஸ்டாண்டுவரை போய் அங்கிருந்து திறந்து பார்த்தேன். பச்சைத் தழைமேல் வெள்ளையாகப் புழு. ஆயிரக்கணக்கில் தலை ஆட்டிக்கொண்டு தின்றன. தோட்டத்தில் நின்று பார்க்க முடியாததைப் பஸ் ஸ்டாண்டில் நின்று பார்த்தேன். டீக்கடைக்காரரிடம் காட்டினேன். "என்னங்க இது, நூடுல்ஸா?" என்றார்.

ராஜம்மா ஓசூர் பஸ் ஏறிப் போய்விட்டார். பெண் குழந்தை பிறந்த செய்தி வந்தது. மறுநாள் மனசு கேட்காமல் தோட்டத்துக்குப் போனேன். மாதையன் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "தழையத் தூக்குனா போன் அடிக்குதுங்க. கீழ வெச்சா நின்னுருது" என்றார். முதல் ரவுட்டரில் வந்துபோனவர் பட்டியலைத் திறந்து பார்த்தேன். பெங்களூரிலிருந்து விடியற்காலை முதல் அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை வந்து பார்த்திருக்கிறார்கள். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது. அவ்வளவு பாடுபட்டுப் போன அம்மா அங்கேயும் புழுவைத்தான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே என்று.

ஓய்வு பெறுவதற்கு முந்தின வாரம் இனிப்போடு போனேன். கூடு நன்றாகக் கட்டியிருந்ததாம். அடுத்த வளர்ப்பும் ஆரம்பித்திருந்தது. கவிதா குழந்தையோடு அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். நான் ராஜம்மாவைச் சீண்டினேன்.

"ஏம்மா, பேத்தியப் பாக்கப் போனீங்களா, புழுவப் பாக்கப் போனீங்களா? அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா எட்டிப் பாத்திருக்கீங்க, எங்கிட்டக் கணக்கு இருக்குது."

ராஜம்மா திகைத்தார். "நானுங்களா? கொழந்தை பொறந்து மூணு நாளும் நான் போனத் தொடவே இல்லீங்களே."

"நாந்தாங்க சார்" என்றாள் கவிதா. "படுக்கையில சும்மாதான கெடந்தேன். இந்தப் புழுவப் பாத்துதான நானும் வளந்தேன், எனக்குத் தெரியாதா? புழுவ நான் பாத்துக்கறேன், நீ கொழந்தைய வெச்சுக்கோம்மான்னு சொல்லிட்டேன்."

நான் மாதையனைப் பார்த்தேன். "போன்ல பேசுனது ஒங்க பொண்ணுன்னு ஏங்க சொல்லல?"

"நீங்க கேக்கலீங்களே" என்றார்.

குழந்தையைத் தூக்கக் கையை நீட்டினேன். "இருங்க" என்று ராஜம்மா சொம்பில் தண்ணீரும் சோப்பும் கொண்டுவந்தார். மூன்று தடவை கழுவ வைத்து, முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் கையில் கொடுத்தார். நல்ல கனம். என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது.

அந்த நேரம் மாதையன் தழைக்கட்டைத் தோளில் ஏற்றிக்கொண்டு கொட்டகைப் பக்கம் நடந்தார். ராஜம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சட்டென்று எழுந்தார். கவிதா போனைக் கையில் எடுத்தாள்.

"உக்காரும்மா. நான் பாக்கறேன்."

ராஜம்மா கொட்டகையை ஒரு தடவை பார்த்தார். மகளை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் உட்கார்ந்து, என்னிடமிருந்து குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டார்.